துளையில் நுழையாத கொட்டை

கோடையில் காட்டுக் குட்டை வற்றிக் கலங்கியது. அதை நம்பி முப்பத்தேழு விலங்குகள் இருந்தன. சேற்று நீரைக் குடித்து நான்கு படுத்துவிட்டன.

நீரைத் தெளிய வைக்கும் வித்தை கரடி ஒன்றுக்குத்தான் தெரியும். குரங்கு சுரைக்குடுக்கையில் நீர் மொண்டு பாறைக்குழியை நிரப்பும். கரடி ஐந்து தேத்தான்கொட்டைகளைக் கல்லில் உரசி அதில் கலக்கும். சற்று நேரத்தில் சேறு அடியில் தங்கிவிடும். பிறகு எல்லோரும் குடிப்பார்கள். குட்டிகளுக்கே முதல் மிடறு.

கொட்டை பொறுக்குவதும் குரங்குதான். ஒருநாள் அந்தக் குவியலில் ஒரு எட்டிக்கொட்டை கிடந்ததை மரங்கொத்தி பார்த்தது. எட்டி கொடிய விஷம்.

"கரடியண்ணே! இதைப் பாருங்கள்!"

"பார்த்தேன். தேத்தான் சிறியது, உருண்டை. எட்டி பெரியது, தட்டை. எனக்குத் தெரியாதா?" என்றது கரடி.

மரங்கொத்தி ஒரு மரப்பட்டையில் துளை போட்டுக் கொண்டுவந்தது. "இதில் தேத்தான் நுழையும். எட்டி நுழையாது. கீழே விழுந்ததை மட்டும் உரசுங்கள்."

குரங்கு சிரித்தது. "இவனுக்கு எதைக் கண்டாலும் ஓட்டை போடத்தான் தோன்றும்!"

"பதினோரு கோடையாக உரசுகிறேன். என் கை அறியாததை உன் ஓட்டை அறியுமா?" என்ற கரடி, பட்டையைப் புதருக்குள் வீசியது.

ஆறு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை.

ஏழாம் நாள் தேன் எடுக்கப் போன கரடியைத் தேனீக்கள் கொட்டிவிட்டன. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. குழியைச் சுற்றி விலங்குகள் நெருக்கின.

"சீக்கிரம் அண்ணே! நாக்கு வறளுகிறது!"

கரடி வலியோடு ஐந்து கொட்டைகளை எடுத்து மளமளவென்று உரசியது. நீர் தெளிந்தது. புள்ளிமானின் குட்டி முதலில் குடித்தது.

"அம்மா, கசக்குது!"

மான் பாய்ந்து குழியை மறித்து நின்றது. "யாரும் குடிக்காதீர்கள்!"

குட்டியின் கால்கள் விறைத்தன. உச்சிப்பொழுதுக்கு முன் அது இறந்துபோனது.

கரடி கல்லருகே குனிந்து பார்த்தது. உரசிய கொட்டைகளில் நான்கு உருண்டை. ஒன்று தட்டை.

மான் ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டது. "அந்தப் பட்டை எங்கே, அண்ணே?"

கரடி முள் கீறக் கீறப் புதருக்குள் தேடிப் பட்டையை எடுத்துவந்தது. குரங்கு அந்த நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிக் குழியை மூன்று முறை கழுவியது. பட்டையைக் கல்லுக்கு மேலே கொடியால் கட்டினார்கள். அதன் துளை வழியாக வராத கொட்டை கல்லைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று.

ஒன்பது நாட்கள் கழிந்தன. கரடியின் கண் ஆறிவிட்டது; பார்வையும் தெளிவாக இருந்தது. அன்று காலை மூன்று கொட்டைகள் துளையில் விழுந்தன. நான்காவது விளிம்பில் தட்டி நின்றது.

கரடி அதை எடுத்துப் பார்த்தது. தட்டையான எட்டி.

"தேத்தான் என்று நினைத்துத்தான் போட்டேன்," என்றது கரடி. "இன்றைக்கு எனக்கு வலியும் இல்லை, அவசரமும் இல்லை."

மான் அந்தக் கொட்டையையே வெகுநேரம் பார்த்தது. வேறு இரண்டு கொட்டைகள் துளையில் விழுந்து, கரடி ஐந்தையும் உரசி, நீர் தெளிந்ததும் அது முன்னால் வந்தது.

"என் குட்டியின் முறையில் இன்று நான் குடிக்கிறேன்," என்று சொல்லித் தலை குனிந்து குடித்தது.

எவ்வளவு தேர்ந்த கையும் ஒருநாள் தவறும். ஆகவே, தவறு நுழைய முடியாதபடி வேலையை அமைத்துக்கொள்வதே பிறர் உயிருக்குப் பொறுப்பானவரின் கடமை.