எழுத்து முறுக்கு

முன்னே முன்னே, ஊருக்குப் பேர் வைக்கக்கூட ஆளுக்கு நேரமில்லாத காலத்தில், மகரகேது என்று ஒரு ராஜா இருந்தார். நாட்டுக்குப் பேர் இல்லாவிட்டால் என்ன கண்ணுகளா, ராஜாவுக்கு நாக்கு இருந்தது. ஏழு முழ நாக்கு.

ஒருநாள் அவர் மாறுவேஷத்தில் நகர்வலம் போனார். ஒரு தெருவில் எண்ணெய் காயும் வாசனை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. அது ஆவுடை வீடு. அவள் புருஷன் பனையேறி. மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தான். அவள்தான் வீட்டடுப்பில் கைமுறுக்குச் சுட்டு, வாசலில் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தாள். ராஜா ஒன்று தின்றார். பிறகு தட்டையே தின்றுவிடுவாரோ என்று ஆவுடை பயந்தாள்.

மறுநாள் அரண்மனையில் நெய் லட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, ராஜா அதை விரலால் தள்ளிவிட்டார். வீட்டடுப்பில் பண்டம் செய்து விற்க இனி எல்லாருக்கும் உரிமை உண்டு, அதற்கு ஓர் ஒழுங்கு எழுதுங்கள் என்று உத்தரவு போட்டார்.

எழுதும் வேலை யாரிடம் போயிற்று என்கிறீர்கள்? மடைப்பள்ளி அதிகாரி ஏகாம்பரனாரிடம். தள்ளப்பட்ட லட்டு அவர் தம் கையால் பிடித்த லட்டு. மனிதருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நல்லதையே எழுதினார். வைத்தால் கெட்டுப்போகும் பண்டத்தை விற்கக்கூடாது. செய்தவர் தம் வீட்டிலேயே, தின்பவர் கையிலேயே கொடுக்கவேண்டும். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிக் காட்டவேண்டும். இதுவரைக்கும் சரிதானே? கடைசியில் ஒரு சொல்லை ஒளித்துவைத்தார். ‘பண்டத்திலேயே எழுதவேண்டும்.’ ராஜா முறுக்கு நினைப்பிலேயே முத்திரை குத்திவிட்டார்.

ஏகாம்பரனார் நேரே ஆவுடை வீட்டுக்குப் போனார். அவள் யாரையோ கொண்டு ஓலை நறுக்கில் எழுதவைத்துப் பொட்டலத்தில் கட்டியிருந்தாள். அவர் ஓலையைப் பிய்த்துப் போட்டார். ஓலை பண்டமாகாது, வெள்ளிக்கிழமை மன்னரோடு வருவேன், அன்றைக்குப் பண்டத்தில் எழுத்து இல்லையென்றால் அடுப்பை இடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடை அழுதுகொண்டே அரண்மனை விகடகவி பலவேசத்திடம் ஓடினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முறுக்கை எப்படித் தாயி சுத்துவே?” என்றான்.

“மாவை விரலால திரிச்சுத் திரிச்சுச் சுத்துவேன் அண்ணாச்சி.”

“எழுதத் தெரியுமா?”

“எனக்கு எழுத்துத் தெரிஞ்சா நான் ஏன் அழப்போறேன்? கோலந்தான் போடுவேன்.”

“அது போதும்” என்று பலவேசம் தரையில் உட்கார்ந்து, அரிசி மாவால் ‘அரிசி’ என்று எழுதினான். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மாவை எடுத்து அந்தக் கோட்டின்மேலேயே திரித்து ஓட்டினாள். அரிசி வந்துவிட்டது. உளுந்து வந்தது. உப்பு வந்தது. புள்ளிக்கு என்ன செய்வது என்று கேட்டாள். எழுத்தின் உச்சியில் ஓர் எள்ளை வைத்து அழுத்தச் சொன்னான். எண்ணெய் என்று எழுதும்போது மட்டும் அவன் கொஞ்சம் தயங்கி, “இதுக்கு மூணு சுழி இருக்கே, முடியுமா?” என்றான்.

ஆவுடைக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏழு சுத்து சுத்துறவகிட்ட மூணு சுழியைக் காட்டிப் பயமுறுத்துறீகளே.”

வெள்ளிக்கிழமை வந்தது. ஏகாம்பரனார் புறப்படலாம் என்றதும், நடக்க அலுத்துக்கொண்டு முறுக்கை அரண்மனைக்கே கொண்டுவரச் சொன்னார் ராஜா. செய்தவர் வீட்டில், தின்பவர் கையில் என்று ஏகாம்பரனாரே எழுதியிருப்பதைப் பலவேசம் பணிவாக நினைவூட்டினான். ஆகவே ராஜா நடந்து போனார். போனவர் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பொக்கைவாய்த் தாத்தா நின்றுகொண்டு, முறுக்கு நொறுங்குமா நொறுங்காதா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

ராஜாவின் முறை வந்தது. ஆவுடை வாழையிலையில் முறுக்கை வரிசையாக அடுக்கி நீட்டினாள்.

“எழுத்து எங்கே?” என்று அதட்டினார் ஏகாம்பரனார்.

“அரிசி” என்று படித்தார் ராஜா. கடக்கென்று கடித்தார். “உளுந்து.” கடக். “எள். அடடா, எள்ளின் தலையில் எள்ளே இருக்கிறதே.” கடக். வாசிப்பு வேகமாக நடந்தது.

ஏகாம்பரனார் மூக்குக் கண்ணாடியில்லாத காலத்து மனிதர். குனிந்து பார்ப்பதற்குள் இலையில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். “மன்னா, பாருங்கள். இதில் உப்பு என்று மட்டுமே இருக்கிறது. மற்றவற்றை மறைத்துவிட்டாள். அடுப்பை இடிக்க ஆணையிடுங்கள்.”

ஆவுடை அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள்.

ராஜா வாயைத் துடைத்துக்கொண்டார். “மறைத்தது அவளல்ல, ஏகாம்பரனாரே. நான். சாட்சியம் முழுவதும் என் வயிற்றில் இருக்கிறது.”

பலவேசம் கைகட்டிச் சொன்னான்: “பண்டத்திலேயே எழுத்து வேண்டும் என்றார் அதிகாரி. இங்கே எழுத்தே பண்டம். இன்னும் ஐயமிருந்தால் மீதி உப்பையும் அவரே வாசித்துப் பார்க்கலாம்.”

ஏகாம்பரனார் வாசித்தார். ப்பு வரைக்கும் வாசித்தார். கடக், கடக். தின்று முடித்து விரலையும் நக்கினார்.

ராஜா அங்கேயே சட்டத்தில் ஒளிந்திருந்த அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, பொட்டலத்தின் மேல் ஓலை போதும் என்று திருத்தினார். ஆவுடை வீட்டு வாசல் நிலையில் தம் கையாலேயே முத்திரை பதித்தார். அடுப்பு பிழைத்தது. பலவேசத்துக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்திவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

“மன்னரின் திருநாமத்தைப் பட்டங்களோடு முழுக்க முறுக்காகச் சுட்டுத் தந்தால் போதும்” என்றான் பலவேசம். ராஜாவின் பட்டங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகும்.

ஏகாம்பரனார் பதறினார். “மன்னா, தங்கள் பேரை இவன் கடித்துத் தின்பதா? தங்கள் பேர் கெட்டுப்போகாதா?”

“எப்படிக் கெடும்?” என்றான் பலவேசம். “கெடாத பண்டத்தில்தான் எழுதவேண்டும் என்று தாங்கள்தானே சட்டம் போட்டீர்கள்?”

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று முறுக்குத் தட்டில் விழுந்தது. ஆவுடை அதை எடுத்து, ஒட்டியிருந்த எள்ளைத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “அடுத்த ஆளுக்கு வழி விடுங்க ராசா” என்றாள்.

அடுத்த ஆள் ஏகாம்பரனார்தான். இலையை நீட்டிக்கொண்டு நின்றார்.