யாரோவைப் பிடித்த விரால்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளத்துக்கு மண்கரை. குளத்துக்குள் ஒரு விரால் மீன், அதன் பின்னாலேயே சிவப்புச் சிவப்பாய் அலையும் அதன் குஞ்சுகள்.

சித்திரையில் குளம் வற்றுவது வழக்கம்தான். ஆனால் அந்த வருஷம் ஒரே நாளில் ஒரு முழம் இறங்கிவிட்டது. விரால் கரையோரம் போய்ப் பார்த்தது. ஐந்து இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு கரைக்குள்ளே போனது. கரை முழுக்கப் பொந்து!

விரால் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது. "கரடி அண்ணாச்சி! குளம் ஒழுகுது! இப்படியே போனா மூணு நாள்ல என் பிள்ளைங்க சேத்துல துடிச்சுச் சாகும்!" என்று கத்தியது.

கரடிதான் அந்தக் காட்டுக்கு நாட்டாமை. நல்ல மனசு. மூளைதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். அது உடனே பஞ்சாயத்தைக் கூட்டியது.

"கரையைத் தோண்டினது யாரு?"

"யாரோ தோண்டியிருக்காங்க அண்ணாச்சி!" என்றது காட்டுப்பன்றி.

"ஆமா, யாரோதான்!" என்றது பெருச்சாளி.

"யாரோ செஞ்ச வேலைக்கு எங்களை ஏன் கேக்கீங்க?" என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது.

"எனக்கு அந்தப் பக்கம் வளையே கிடையாது!" என்றது நண்டு. வளையைப் பற்றி அதனிடம் எவரும் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

கரடி தாடையைச் சொறிந்தது. "எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்லுதீங்க. அப்போ சந்தேகமே இல்ல. அந்த யாரோவைப் பிடிச்சுக் கட்டி இழுத்துட்டு வாங்க!"

நாட்டாமையைத் திருத்த நான்குக்கும் மனம் வரவில்லை. எப்படி வரும்?

"நான் அவனைப் பாத்திருக்கேன். உடம்பெல்லாம் முள்ளு!" என்றது பன்றி.

"முள்ளு எங்க இருக்கு? கோரைப்பல்லுல்லா நீட்டிக்கிட்டு இருக்கும்!" என்றது முள்ளம்பன்றி.

"ரெண்டு கொடுக்கு!" என்றது பெருச்சாளி.

"மொட்டை வாலு!" என்றது நண்டு.

"ஐயையோ, இப்படியும் ஒரு மிருகமா!" என்று கரடி இரண்டடி பின்வாங்கியது.

இரண்டு நாள் தேடினார்கள். புதரைத் தேடினார்கள், பாறை இடுக்கைத் தேடினார்கள். நடுவில் கிழங்கு தட்டுப்பட்டால் தேடல் கொஞ்சம் நின்றது. வேடிக்கை என்னவென்றால், சொல்லிச் சொல்லி அவர்களே நம்பிவிட்டார்கள். தனியாகத் தேடப் போக நான்குக்கும் பயம்!

மூன்றாம் நாள் காலையில் குளத்தில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். விராலின் முதுகில் வெயில் சுட்டது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் ஒரு யோசனையும் வந்தது.

"ஓடி வாங்க! யாரோ வந்துட்டான்!" என்று கத்தியது விரால். "இப்பதான் கரையில ஒரு பொந்துக்குள்ள நுழைஞ்சான்! எந்தப் பொந்துன்னு தெரியல. வெளிய வந்தா, இது யாரு பொந்துன்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிரும்!"

"பொந்தா? எனக்கு ஒண்ணும் தெரியலையே! எல்லாம் புல்லு மூடிக் கிடக்கே!" என்றது கரடி.

சொல்லி வாய் மூடவில்லை. பன்றி ஒரு பக்கம் பாய்ந்தது. பெருச்சாளி இன்னொரு பக்கம். முள்ளம்பன்றி புல்லை விலக்கித் தன் பொந்து வாயில் மண்ணைத் தள்ளியது. நண்டு பக்கவாட்டில் ஓடியே முதலில் போய்ச் சேர்ந்தது. ஒன்றாவது தடுமாற வேண்டுமே! கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் நேராகத்தான் போயிருக்கும்.

நான்கு பொந்தும் அடைபட்டு, நான்கு சுழிப்பும் நின்றன.

"யாரோ எங்கே? மாட்டினானா?" என்று கரடி மூச்சிரைக்கக் கேட்டது.

"மாட்டிட்டான் அண்ணாச்சி! ஒருத்தன்னு நினைச்சோம், நாலு பேரா இருக்கான். அங்க பாருங்க, கையெல்லாம் சேறு!" என்றது விரால்.

நான்கும் தலையைத் தொங்கப்போட்டன. கரடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவிகளா! உங்களை..."

"கொஞ்சம் இருங்க அண்ணாச்சி. இன்னும் ஒரு பொந்து ஒழுகுது. இருக்கறதுலயே அதுதான் பெரிசு. பக்கத்துல உடைச்சுத் தின்ன கரையான் புத்து கிடக்கு. கரையான் தின்னது யாரு?"

கரடி கையை ஓங்கியபடியே நின்றது. "அதுவா... அது வந்து... யாரோ..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. நான்கும் நிமிர்ந்து நாட்டாமையையே பார்த்தன.

கரடி ஓங்கிய கையை இறக்கியது. மெதுவாக நடந்து போய், அந்தப் பொந்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. மற்ற நான்கும் மண் சுமந்து கரையைக் கெட்டியாக்கும்வரை அது எழுந்திருக்கவே இல்லை. அந்த ஒரு சாண் தண்ணீரில், கோடை மழை வரும்வரை குஞ்சுகள் பிழைத்துக் கிடந்தன.

ஊரைக் கெடுத்தவன் யாரோ என்று தேடக் கிளம்புகிறவன், முதலில் தன் கையில் ஒட்டியிருக்கிற மண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.