தனபாக்கியம் வரும் வீடு

"ஒருத்தருக்கு நன்றி சொல்ற மாதிரி வீட்டை அலங்கரிக்கணும், டீச்சர். அதுக்கு என்ன செய்யணும்?"

கேட்டவர் அடைக்கலம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சருக்கு இருபத்தாறு.

நிலோபர் டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"யாருக்கு நன்றி?"

"என் வீட்டுக்காரிக்கு."

"வாயால சொன்னா ஆகாதாண்ணே?"

அடைக்கலம் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு மூணு தடவ போன்ல ஆரம்பிச்சேன், டீச்சர். தொண்டை வரைக்கும் வந்துச்சு. அப்புறம் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு காலி பாட்டிலையும் ஓர் உருண்டை சணல் கயிற்றையும் அவர் கையில் கொடுத்தார்.

அறந்தாங்கியில் ஒரு வாசகசாலையின் மாடியில் சனிக்கிழமைதோறும் அந்த வகுப்பு நடந்தது. வீட்டில் தூக்கி எறிகிற பொருளை வைத்தே வீட்டை அழகாக்குவதுதான் பாடம். பதினாறு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஓர் ஆண்.

நிலோபர் டீச்சர் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பொருள்தான் பதிலாகக் கைக்கு வரும். அதைப் பிடிக்காதவர்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். பிடித்தவர்கள் இரண்டு வருடமாக வருகிறார்கள்.

அடைக்கலம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். முப்பது வருடக் கை. அவர் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்ததும் வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஊசி நுழைய இடமில்லை.

"ஏண்ணே, சுவிட்சைப் போட்டா பாட்டில் தண்ணி இறைக்குமா?" என்றாள் செங்கமலம். வகுப்பில் வாய் ஓயாதவள் அவள்தான்.

"மூணு ஃபேஸ் கரண்டு குடு. இறைக்குதா இல்லியான்னு பாரு."

அதற்கப்புறம் அவரை யாரும் வெளி ஆளாக நினைக்கவில்லை.

*

தனபாக்கியம் குவைத்துக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில், வீட்டு வேலை. நடுவில் ஒரு தடவைதான் வந்தாள். அது ஆறு வருடத்துக்கு முன்னால்; அப்போது அவர்கள் இருந்தது வாடகை வீடு.

மகள் காலேஜ் முடித்தது அவள் சம்பளத்தில். அவர்கள் பரம்பரையிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அந்த மகள். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அரிசி மில்லுக்குப் பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக இந்த வீடு எழுந்ததும் தனபாக்கியம் சம்பளத்தில்தான்.

கட்டியவள் வீட்டைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

வைகாசியில் வருகிறாள். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் திரும்பிப் போகவும் டிக்கெட் இருக்கிறது. அங்கே அவள் மேடம் என்று கூப்பிடும் முதலாளியம்மா எடுத்துக் கொடுத்தது.

"போறேனா இருக்கேனான்னு இப்ப என்னைக் கேக்காதீங்க," என்றாள் போனில். "வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

பாத்துட்டு.

அந்த ஒரு வார்த்தையை அடைக்கலம் நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பதினோரு வருடம் பளிங்குத் தரையில் நடந்தவள். இங்கே வந்து எதைப் பார்ப்பாள்? சிமெண்டுத் தரையையா? காயில் கட்டிக் கட்டிக் கறுத்த கையையா?

*

ஆறு சனிக்கிழமைகள் அவர் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக் கிளி செய்தார். கொட்டாங்குச்சியைத் தேய்த்து மெருகேற்றி மணிபிளாண்ட் வைத்தார். தாள் சுருட்டிக் கண்ணாடிக்குச் சட்டம் போட்டார். மகளின் பழைய தாவணிகள் சன்னல் திரையாயின. வாசலுக்கு ஒரு கால்மிதி பின்னினார், அதைப் பின்னப் பழகச் செங்கமலத்திடம் மூன்று நாள் திட்டு வாங்கினார்.

பாட்டில்கள் மட்டும் பன்னிரண்டு.

எல்லாவற்றையும் அளந்து வைத்தார். காதில் செருகிய பென்சிலால் குறி போட்டு, அந்தக் குறி மேல் வைத்தார். காயிலில் ஒரு சுற்று தப்பினால் மோட்டாரே கருகிவிடும். அந்தப் பயத்திலேயே பழகிய மனிதர்.

ஆறாவது சனிக்கிழமை டீச்சரிடம் போனை நீட்டிப் படங்களைக் காட்டினார்.

"நாப்பத்தோரு பொருள், டீச்சர். எல்லாம் என் கையால செஞ்சது. ஆனா வீடு இன்னும் தயாரான மாதிரி இல்ல. எங்கயோ ஒண்ணு குறையுது. என்னன்னு சொல்லுங்க."

டீச்சர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாட்டில் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"எப்ப வராங்க?"

"வியாழக்கிழமை."

"செவ்வாக்கிழமை நான் வரேன்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

*

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் வந்தார். துணைக்குச் செங்கமலமும் வந்தாள்.

"அடேங்கப்பா," என்றாள் செங்கமலம் வாசலிலேயே நின்று. "கடை தொறந்துட்டீங்களாண்ணே? உள்ள வர டிக்கெட் உண்டா?"

டீச்சர் சுற்றிப் பார்த்தார். அலமாரியில் இருந்த ஒரு பாட்டிலின் கழுத்தில் விரலை வைத்து இழுத்து, விரலைக் காட்டினார். கறுப்பு.

"மில்லுப் புகைபோக்கிலேர்ந்து வர்ற உமிச் சாம்பல், டீச்சர். நேத்துதான் துடைச்சேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினார்.

"துடைங்கண்ணே."

"எதை?"

"எல்லாத்தையும்."

அடைக்கலம் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடிச் சட்டம் சுலபமாக இருந்தது. கிளியைத் துடைத்தால் இறக்கை கிழிந்துவிடும். வாயால் ஊதவேண்டி இருந்தது. சணல் கயிறு துணிக்கு மசியவில்லை. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஊசி நுழையாது, ஆனால் சாம்பல் நுழைந்திருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, ஒவ்வொரு பாட்டிலாகத் தேய்த்தார்.

டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். செங்கமலம் இரண்டு தடவை காபி போட்டாள்.

மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது நாற்பத்தோராவது பொருள் முடிந்தது. அடைக்கலம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் எழுந்து வந்து, முதலில் துடைத்த கண்ணாடிச் சட்டத்தில் விரல் வைத்து இழுத்துக் காட்டினார்.

கறுப்பு. லேசாகத்தான்.

"நாளைக்கு, அண்ணே?"

"நாளைக்கும் துடைக்கணும்."

"யாரு?"

அடைக்கலம் கையிலிருந்த துணியை மடித்தார். வியாழக்கிழமை வரப்போகிறவள் என்பதுதான் அவர் மனதில் இருந்த பதில்; அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுரவா?"

"நான் அப்படிச் சொன்னேனாண்ணே?"

டீச்சர் கிழக்குச் சன்னலில் இருந்த பாட்டிலை எடுத்தார். அடைக்கலம் செய்த பன்னிரண்டிலும் அழகான பாட்டில் அது. அதைக் கொண்டுபோய்த் தரையில் ஒரு மூலையில் வைத்தார்.

அடைக்கலம் போய் எடுத்து மறுபடி சன்னலில் வைத்தார்.

டீச்சர் அதை எடுத்து டி.வி. மேசை மேல் வைத்தார்.

அடைக்கலம் எடுத்துச் சன்னலில் வைத்தார்.

"என்ன டீச்சர், ரெண்டு பேரும் சடுகுடு ஆடுறீங்களா?" என்றாள் செங்கமலம்.

டீச்சர் மூன்றாவது தடவையும் பாட்டிலை எடுத்தார்.

"டீச்சர், அதோட எடம் அதுதான்," என்றார் அடைக்கலம். குரலில் கொஞ்சம் எரிச்சல் வந்துவிட்டது. "அளந்து வச்சிருக்கேன். இந்தா பாருங்க, வட்டம்கூடப் போட்டிருக்கேன்."

சன்னல் திட்டில் பாட்டில் அடியின் அளவுக்குத் துல்லியமாக ஒரு பென்சில் வட்டம் இருந்தது.

டீச்சர் அந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பாட்டிலை அடைக்கலத்தின் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"வரேண்ணே."

"எதுவும் சொல்லாமப் போறீங்களே, டீச்சர்."

டீச்சர் படியிறங்கிப் போய்விட்டார். செங்கமலம் அடைக்கலத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

*

பாட்டிலும் கையுமாக அடைக்கலம் நின்றார்.

எப்போதோ போனில் தனபாக்கியம் சொன்னது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அவள் குவைத்துக்குப் போன புதிது.

"ஹால்ல நூத்துச் சொச்சம் கண்ணாடிப் பொம்மை இருக்குங்க. தெனமும் ஒண்ணொண்ணா எடுத்துத் துடைச்சு, எடுத்த எடத்துலயே வைக்கணும். மேடம் ஒவ்வொண்ணுக்கும் அடியில பென்சிலால வட்டம் போட்டு வச்சிருக்கு. ஒரு நூல் தள்ளிப் போனாலும் கண்டுபுடிச்சுரும்."

அதற்கு அன்று தான் சொன்ன பதிலும் நினைவு வந்தது.

"பாக்க நல்லா இருக்குமே."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பொம்மையை அவள் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா, நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அடைக்கலம் சன்னல் திட்டின் பென்சில் வட்டத்தைப் பார்த்தார். அலமாரியில் இருந்தவற்றைத் தூக்கிப் பார்த்தார். மேசையில் இருந்ததைத் தூக்கிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அடியில் வட்டம். எல்லாம் அவர் கையால் போட்டது.

அவர் துணியை நனைத்தார்.

ஒவ்வொரு வட்டமாக அழித்தார். நாற்பத்தோரு பொருளையும் ஒரு சாக்கில் போட்டு, மடங்காமல் உடையாமல் அடுக்கி, அறை மூலையில் வைத்தார்.

வீடு வெறும் சுவராக நின்றது.

அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் சாக்கை அவர் திரும்பத் திறக்கவில்லை.

*

வியாழக்கிழமை காலையில் தனபாக்கியம் வந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நடு அறையில் நின்று, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க, வீடு மொட்டையா இருக்கு?"

"ஆமா."

"ஒரு காலண்டர்கூட மாட்டல?"

அடைக்கலம் மூலைக்குப் போய்ச் சாக்கை இழுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்."

"இது?"

"அதுவும் நான்தான்."

"இது என்ன, காக்காயா?"

"கிளி."

"கிளின்னு நீங்க சொன்னா கிளிதான்," என்றாள். சிரிப்பு வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய தலைப்பு பிறகு கண் வரைக்கும் போனது.

அடைக்கலம் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். சாக்குக்குள் கைவிட்டு, கிழக்குச் சன்னலில் இருந்த அந்தச் சணல் பாட்டிலை எடுத்தாள். சுற்றுகளின் மேல் விரலை ஓட்டினாள்.

எழுந்து நின்றாள். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இத எங்க வைக்கணும்?"

கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்து காத்திருந்து பழகிப்போன நிற்பு அது.

அடைக்கலத்துக்கு அந்தப் பாட்டிலின் இடம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்.

"எனக்குத் தெரியாது பாக்கியம்," என்றார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். அலமாரியில் வைத்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அவள் அதை ஒரு விரல் அளவு நகர்த்தினாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். அங்கே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து வந்து பார்த்தாள். பிடிக்கவில்லை. டி.வி. மேசையில் வைத்தாள். இரண்டு பாட்டிலைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிரித்தாள். கிளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "ச்சீ, நல்லால்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை எடுத்துவிட்டாள். இப்போது அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காபி ஆறி ஆடை படிந்தது.

கடைசியாகக் கிழக்குச் சன்னலுக்கு வந்தாள். பாட்டிலைத் திட்டில் வைத்தாள். வெயில் சணல் கயிற்றின் மேல் விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஐப்பசி மழைக்கு இந்தச் சன்னல்ல சாரல் அடிக்குமா?"

அடைக்கலம் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். டிக்கெட் போட்ட ஆடியைத் தாண்டி விரல் போனது.

"உங்களைத்தாங்க. அடிக்குமா?"

"அடிக்கும்," என்றார். "நல்லாவே அடிக்கும்."

"அப்ப இங்க வேணாம்," என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவள் சமையல்கட்டுப் பக்கம் போனாள்.