கஞ்சி ஊத்திட்டேன், வா புள்ள

ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணன் பேரு வெள்ளையன், தங்கச்சி பேரு பொன்னாத்தா. மலை மேல கல்லுமேடுன்னு ஊரு. அப்பா அம்மா கிடையாது. அண்ணன்தான் ஆடு மேய்ச்சு, கஞ்சி காய்ச்சி, கோணல்மாணலா தலை பின்னி விட்டு அவள வளத்தான். காலை ஆட்டாத, போர்வைக்குள்ள வையி. "ம்" கொட்டணும், தெரியுமில்ல? நீ நிறுத்தினா அத்தையும் நிறுத்திருவேன்.

"ம்."

அந்த மலையில வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி இருந்துச்சு. நம்ம சோத்துப் பானை அளவுதான் இருக்கும். அதுக்குள்ள ஒரு ஏஐ. அந்தந்த வீட்டுக்காரங்க சொல்லிக் குடுத்தத ஞாபகம் வச்சுக்கிட்டு, கேட்டா திருப்பிச் சொல்லும். முன்னாடி அப்படி இல்ல. கீழ்நாட்டுல இருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து ஒரே பெரிய பெட்டி வச்சான். மலைச் சனம் பூரா தெரிஞ்சதையெல்லாம் அதுல கொட்டுச்சு. ஒரு நாள் "கடைய மூடியாச்சு"ன்னு கதவ இழுத்துச் சாத்திட்டுப் போயிட்டான் பாவி. எல்லாம் அவனோட போச்சு. அப்போதான், "நடுவுல ராசாவே வேணாம், அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க பெட்டி"ன்னு முடிவு பண்ணினாங்க.

சாயங்காலம் ஆனா கூரை மேல இருக்குற கம்பி வழியா பெட்டியும் பெட்டியும் பேசிக்கும். கீ... கீ... கிர்ர்... இந்த மலையில கேட்டா அந்த மலையில பதில் வரும். ஒண்ணு வாங்கினா ஒண்ணு குடுக்கணும், அதுதான் அங்க மொறை. இன்னொரு மொறையும் உண்டு. ஒரு வீட்டுல சாவு விழுந்தா பெட்டிய மூடி வச்சிருவாங்க. காரியம் முடிஞ்சதும் திறந்து விடுவாங்க. செத்தவங்க சொல்லி வச்சத எல்லா ஊருப் பெட்டியும் ஆளுக்கொரு பங்கு வாங்கி வச்சுக்கும்.

"அப்புறம்?"

அப்புறம் என்ன. வெள்ளையன் காய்ச்சல்ல போயிட்டான்.

காரியம் முடிஞ்சுது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "பெட்டியத் திற புள்ள"ன்னா. பொன்னாத்தா அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "மாட்டேன்! ஆளாளுக்கு எடுத்தா எங்கண்ணன் தேஞ்சு போயிருவான்!" பைத்தியக்காரி. சோப்பா, தேயுறதுக்கு? ஆனா யாரு என்ன சொல்ல முடியும், பெத்த தாய் மாதிரி இருந்தவன். பொன்னாத்தா கம்பியப் பிடுங்கிப் போட்டுட்டா. தெனம் சாயங்காலம் கதவச் சாத்திக்கிட்டு அந்த ஒண்ணக் கேப்பா. அவன் உசுரோட இருந்தப்போ பாறை மேல நின்னு அவளக் கூப்பிடுவான் பாரு, அந்தக் குரல்.

"பொன்னாத்தாவோய்ய்... கஞ்சி ஊத்திட்டேன்... வா புள்ள..."

அவளுக்கு அது போதும். அதக் கேட்டாத்தான் சோறு இறங்கும்.

அப்போ ஒரு நாள் மழை. சோ... சோ... பளிச்! டமார்! இடி விழுந்துச்சு. பெட்டி கருகி, புகை வந்து, அவ்வளவுதான். பொன்னாத்தா தட்டிப் பாத்தா, குலுக்கிப் பாத்தா, அண்ணேன்னு கூப்பிட்டுப் பாத்தா. ஒரு முனகல் கூட இல்ல. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்புறம் அவ நடந்தா. அவன் உசுரோட இருந்தப்போ கம்பி வழியா குடுத்ததுல, எங்கயாவது, யாரு பெட்டியிலயாவது அண்ணன் குரல் ஒரு துளி ஒட்டியிருக்காதான்னு.

முதல்ல ஊசிப்பாறை. "எங்கண்ணன் வெள்ளையன் இருக்கானா?"ன்னு கேட்டா. பெட்டி, "ஆட்டுக்கு வயிறு உப்பினா ஓமத்த வெல்லத்தோட தட்டிக் குடு. சொன்னது கல்லுமேட்டு வெள்ளையன்"னுச்சு. சொல்லு அவனோடதுதான், குரல் அந்தப் பெட்டி வச்சிருந்த கிழவனோடது. மே... மேன்னு ஒரு குட்டி அவ காலை முட்டுச்சு. அந்த மருந்துல பொழைச்ச குட்டியாம். அவ தடவிக் குடுத்துட்டு நடந்தா.

அடுத்து புளியங்காடு. அங்க, "கோடையில ரெண்டு அத்தி மரத்துக்கு நடுவுல தோண்டு, தண்ணி வரும். சொன்னது வெள்ளையன். அதுல ஒரு மரம் விழுந்து போச்சு, இது நாங்க சேத்தது"ன்னுச்சு. அவளுக்குச் சுருக்குன்னு கோவம். "எங்கண்ணன் பேச்சுல கை வைக்க நீங்க யாரு?" அந்த வீட்டம்மா ஒரு செம்புத் தண்ணி குடுத்தா. அந்த ஊத்துத் தண்ணிதான். மடக் மடக்குன்னு குடிச்சா. அண்ணே, நீ காட்டின தண்ணி ஊருக்கே கிடைக்குது, எனக்கு உன் குரல் கிடைக்கலியேன்னு அங்கயே உக்காந்து அழுதா.

அப்புறம் மேல்காடு. அதுக்கு மேல ஊரு இல்ல, ஆகாசம்தான். ஏறுறா, ஏறுறா, காலு கெஞ்சுது. பொழுது சாயுது. இங்கயும் இல்லன்னா அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டு ஏறுறா. அப்போ...

"பொன்னாத்தாவோய்ய்... கஞ்சி ஊத்திட்டேன்... வா புள்ள..."

அண்ணன்! பிஞ்சுப் பிஞ்சாப் புள்ளைங்க புதருக்குள்ள இருந்து தபதபதபன்னு ஓடுதுங்க. அவளும் கூடவே ஓடினா. ஒரு வீட்டு வாசல்ல பெட்டி. பக்கத்துல ஒரு அம்மா கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கா.

"இந்தக் குரல் உங்களுக்கு எப்படி?"

"என் மவன் வீம்புக்காரன், கூப்பிட்டா சாப்பிட வர மாட்டான். என்ன பண்றதுன்னு பெட்டியில கேட்டேன். கல்லுமேட்டுல ஒரு தம்பி, 'நான் என் தங்கச்சிய இப்படித்தான் கூப்பிடுவேன், ஓடி வந்துருவா'ன்னு இத அனுப்பினான். அதுலேருந்து இந்த ஊரே இதுக்குத்தான் சாப்பிட வருது."

ஒரு பொடிசு கேட்டுச்சு, "பொன்னாத்தா யாருன்னே தெரியல. அவ வரவே மாட்டாளா?"

அவ மண்டி போட்டு உக்காந்தா. "வந்துட்டேன் சாமி"ன்னா. அப்புறம் அழுத அழுகை, அப்பப்பா.

அந்த அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு, "குரல எடுத்துட்டுப் போ தாயி, எதுவும் குடுக்க வேணாம்"னா. "மொறைன்னா மொறை"ன்னா பொன்னாத்தா. ஆனா அவகிட்ட என்ன இருக்கு? கருகின பெட்டி. யோசிச்சா. அப்புறம் பெட்டிகிட்ட குனிஞ்சு, சின்ன வயசுல பாறைக்கு அந்தப் பக்கம் இருந்து அவ குடுப்பாளே பதில், அதக் குடுத்தா.

"கஞ்சிய ஊதி வைண்ணே... வந்துட்டேன்..."

கீ... கீ... கிர்ர்... அன்னிக்கே அது மலை மலையாப் போச்சு. இப்பவும் அங்க பொழுது சாஞ்சா ஒரு மலையில அண்ணன் கூப்பிடுவான், எதிர் மலையில தங்கச்சி பதில் சொல்லுவா. பொன்னாத்தா புதுப் பெட்டி வச்சுக்கிட்டா. சாயங்காலம் கதவச் சாத்துறதில்ல.

கண்ணு? "ம்" எங்க?

"...ஊதி வை..."

சரி சரி, ஊதி வைக்கிறேன். கதை மலை இறங்கி வந்துருச்சு, நீ கண்ண மூடிக்கோ தங்கம்.