மந்தியின் பெயரில் வந்த செய்தி

கோடையிலும் ஓடை வற்றாத ஒரு காட்டில் மருதி என்றொரு புள்ளிமான் இருந்தது. தன் கூட்டத்துக்கு அதுதான் தலைவி. கூட்டம் மேயும் இடத்துக்கு மேலே மரக்கிளைகளில் நெடுவால் என்ற மந்தி தன் இனத்தோடு வாழ்ந்தது.

நெடுவாலின் கண்ணில் சிறுத்தை பட்டால் அது கத்தும், மான்கள் ஓடிவிடும். மருதியின் மூக்குக்கு வாடை எட்டினால் அது குரல் கொடுக்கும். மந்திகள் உச்சிக்கிளைக்கு ஏறிவிடும். இப்படித்தான் இரு கூட்டமும் உயிர் பிழைத்து வந்தன.

ஒரு நாள் நரி வந்தது. சிறுத்தை தின்று மீந்ததைத் தின்னும் நரி அது. ஆளுக்கொரு செல்போனைக் கழுத்தில் மாட்டிவிட்டது.

“இனித் தொண்டை வறளக் கத்த வேண்டாம். குழுவில் ஒரு வரி போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும்” என்றது.

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. காட்டில் சத்தம் குறைந்தது.

சில நாளில் மருதிக்கு ஒரு செய்தி வந்தது. அதில் நெடுவாலின் படம் இருந்தது.

‘நாங்கள் உதிர்க்கும் பழத்தைப் பொறுக்கித் தின்னும் கூட்டத்துக்கு நாங்கள் ஏன் காவல் இருக்க வேண்டும்?’

மருதிக்கு நெஞ்சு எரிந்தது. நெடுவால் தலைக்கு மேலேதான் இருந்தது. ஆனாலும் மருதி அண்ணாந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முதல் நெடுவாலும் கீழே பார்க்கவில்லை.

ஒரு பிற்பகல், மான் கூட்டம் தாகத்தோடு ஓடைக்கரைக்கு வந்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து வீசியது. எதிரே கோரைப்புல்லில் எது பதுங்கியிருந்தாலும் வாடை வராது. மருதி தயங்கி நின்றது. பின்னால் குட்டிகள் முண்டின.

செல்போன் அதிர்ந்தது. மறுபடியும் நெடுவாலின் படம்.

‘கரையில் ஆபத்தில்லை. பயப்படாமல் குடியுங்கள்.’

கோபம் தணிந்துவிட்டது போலும் என்று மருதியின் மனம் இளகியது. கூட்டத்தை இறங்கச் சொல்லிவிட்டு, நன்றி சொல்ல மேலே பார்த்தது.

கரையோரப் புங்க மரத்தில் நெடுவால் இரண்டு கைகளாலும் தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. செல்போன் அதன் முதுகில் கிடந்தது.

மருதி அண்ணாந்து கேட்டது:

“நெடுவால், இப்போது எனக்கு எழுதியது நீயா?”

“குரங்குக் கத்தல் எங்களுக்கு வேண்டாம் என்று எழுதினவளுக்கு நான் எதற்கு எழுதப் போகிறேன்?”

“நான் எப்போது அப்படி எழுதினேன்?”

நெடுவால் குனிந்து மருதியின் முகத்தைப் பார்த்தது. பிறகு அதன் பார்வை கோரைப்புல்லுக்குப் போயிற்று. புல் காற்றுக்கு எதிராக அசைந்தது.

நெடுவால் கத்தியது. மான்கள் சிதறி ஓடின. சிறுத்தை பாய்ந்தது. குட்டிகளை முன்னே விரட்டிவிட்டுக் கடைசியாகத் திரும்பிய மருதியின் தொடையை அதன் நகம் கிழித்தது. மருதி நொண்டிக்கொண்டே மேடேறித் தப்பியது. புதருக்குள் செல்போனும் கையுமாக இருந்த நரியை மந்திகள் கண்டுபிடித்துத் துரத்தின.

நெடுவால் மரத்தைவிட்டு இறங்கி மருதியின் அருகே வந்தது. இரண்டும் தங்களுக்கு வந்த செய்திகளைக் காட்டிக்கொண்டன.

“என்னிடம் கேட்டிருக்கலாமே” என்றது நெடுவால்.

“நீயும் கேட்டிருக்கலாம்” என்றது மருதி.

நீதி: யாரோ அனுப்பிய செய்தியை நம்பி உறவை முறிக்காதே, உரியவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேள்.