வேலாத்தாள் மேல் வந்த குறைகள்

முன்னொரு காலத்தில் பொன்னாவரை நாட்டைக் கனகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு கட்டளை போடுவான், சாயங்காலம் அதையே மாற்றுவான். அவன் நாடும் பக்கத்து நாடுகளும் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருந்தன. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் போய்க் கடை போடலாம், குடும்பம் நடத்தலாம், யாரும் ஏனென்று கேட்க முடியாது.

ஒரு விருந்தில் குன்றநாட்டு ராஜாவுக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். வந்ததே கோபம் அவருக்கு! உங்கள் கூட்டே எனக்கு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அவர் ஜம்பமாகப் போய்விட்டார், சரி. அவர் நாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள் கதி?

அப்படி வந்தவள்தான் வடக்குத் தெருவில் ஆப்பக்கடை வைத்திருந்த வேலாத்தாள். புருஷனைப் பறிகொடுத்தது, மகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்த ஊரில்தான். குன்றநாட்டுக்குத் திரும்பிப் போனால் வா என்று சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை.

அரசவையில் சிங்கமுகர் என்றொரு அதிகாரி இருந்தார். அமைச்சர் மார்க்கண்டர் எது சொன்னாலும் அதை மறுத்துப் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இங்கேயே வாழ்ந்துவிட்டவர்கள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் மார்க்கண்டர். வாழ்ந்ததற்குச் சாட்சி வேண்டும் என்றார் சிங்கமுகர். அதிலும் நல்லதாகச் சொல்கிற சாட்சி செல்லாதாம், ரெண்டு ஆப்பத்தைக் கொடுத்தால் எவரும் நல்லதாகத்தான் சொல்வாராம். ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று, அப்படியே கட்டளை போட்டுவிட்டான். முதல் விசாரணையே வேலாத்தாளுக்கு.

மார்க்கண்டர் என்ன செய்தார் தெரியுமா? வேலாத்தாள் மேல் குறை இருப்பவர்கள் அரசவைக்கு வந்து சொல்லலாம் என்று வடக்குத் தெருவில் தண்டோரா போடச் சொன்னார். அது வேலாத்தாள் காதிலும் விழுந்தது. இந்த மனுஷரையா நம்பினோம் என்று வெதும்பிப்போனாள். சட்டிபானையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் அரண்மனைக்குக் கிளம்பினாள்.

குறை சொல்ல வா என்று ராஜாவே கூப்பிட்டால் தெரு சும்மா இருக்குமா? திரண்டு வந்துவிட்டது. இவள் ஆடு என் முருங்கைக் கன்றைத் தின்றது என்றார் ஒருவர். மார்க்கண்டர் எப்போது என்று மட்டும் கேட்டார். எங்கள் அப்பா காலமான வருஷம் என்றார் அவர். அடுப்புப் புகையில் என் சுவரே கறுத்துவிட்டது, பல தடவை வெள்ளையடித்தாயிற்று என்றார் எதிர்வீட்டுக்காரர். அடுத்த வீட்டுப் பேச்சியக்காள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இவள் தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் வாங்கின அண்டாவை இன்னும் தரவில்லை, அந்த மகளின் பிள்ளையே இப்போது பள்ளிக்கூடம் போகிறது என்று பொரிந்து தள்ளினாள்.

சிங்கமுகர் மீசையைத் தடவிக்கொண்டார். வேலாத்தாள் நிமிரவே இல்லை.

மார்க்கண்டர் எழுந்தார். "மகாராஜா, வழிப்போக்கரோடு இத்தனை வருஷம் யாராவது சண்டை போடுவார்களா? நல்லது சொல்லாத சாட்சிதானே சிங்கமுகர் கேட்டார்? வேண்டிய மட்டும் வந்துவிட்டது."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். பிறகு பேச்சியக்காளைப் பார்த்து, இவ்வளவு தொல்லையென்றால் இவளை அனுப்பிவிடட்டுமா என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதெப்படி சாமி? நான் அண்டாவைத்தானே கேட்டேன்? ஆளைப் போகச் சொல்லலையே. அவ எங்க தெருக்காரி."

அந்த ஒரு வார்த்தையில் வேலாத்தாளின் நெஞ்சில் கிடந்த பாரமெல்லாம் இறங்கியது. சபை என்றும் பாராமல் பேச்சியக்காளின் தோளில் சாய்ந்து அழுதாள். அவளும் அவளைப் போன்ற குன்றநாட்டார் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று ராஜா சொல்லிவிட்டான். சாயங்காலம் மாற்றவும் இல்லை. மார்க்கண்டருக்குத் தன் கழுத்து முத்துமாலையையே கழற்றிப் போட்டான்.

அதோடு விட்டானா? சிங்கமுகர் தெருவிலும் தண்டோரா போடச் சொன்னான். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ராஜா சொன்னான்: "ஓய், இந்த ஊருக்கு அந்நியர் நீர்தான் போலிருக்கிறது. உம்மைப் பற்றி ஒருவராவது வந்து குறை சொல்லட்டும், அதுவரை சபைப்பக்கம் வராதீர்."

மறுநாள் காலையில் சிங்கமுகர் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். தன் மேல் ஏதாவது குறை உண்டா என்று பணிவாகக் கேட்டார்.

அந்த வீட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாருங்க?" என்றாள்.