ஏழடுக்குப் பாதுகை

முன்னொரு காலத்திலே முல்லைக்கரை நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் ஊதியவர் பேச்சே அவனுக்கு வேதவாக்கு. அப்படி ஊதுவதற்கென்றே வல்லபராயர் என்ற அதிகாரி பக்கத்தில் இருந்தார்.

"அரச பாதம் கல்லில் படலாமா?" என்று இலவம்பஞ்சு வைத்துத் தைத்த பாதுகையைக் கொண்டுவந்து மாட்டியவர் அவர்தான். ராஜா ஒருநாள் லேசாகத் தடுமாறினான். "பஞ்சு போதவில்லை" என்று ராயர் இன்னோர் அடுக்கு வைத்தார். மறுபடி தடுமாறினான், மறுபடி ஓர் அடுக்கு. இப்படியே ஏழாயிற்று. ஏழாவது அடுக்கோடு வந்த அன்று, கொலுமண்டபப் படியில் சபையே பார்க்க ராஜா குப்புற விழுந்தான்.

"படி போட்ட மாடக்கண்ணு ஆசாரிதான் குற்றவாளி! கல்லெல்லாம் ஏற்ற இறக்கம்!" என்றார் ராயர். மண்டபம் கட்டி முடிந்தபோது ராஜா ஆசாரியைப் புகழ்ந்தான், மேற்பார்வை பார்த்த இவரை மறந்துவிட்டான். அந்தப் புகைச்சல் இன்னும் அடங்கவில்லை.

"அவன் கட்டைவிரலை வெட்டுங்கள்!" என்றான் ராஜா. கல்தச்சனுக்குக் கட்டைவிரல் போனால் உளி போச்சு. உளி போனால் சோறும் போச்சு.

சபைக்கு இழுத்துவரப்பட்ட ஆசாரி கைகட்டி நின்று கேட்டார்: "மகாராஜா, இந்தச் சபைக்குள் பாதுகையோடு வருவது யார்?"

"நான் மட்டும்தான். மற்றவர்கள் வெறுங்கால். அதுதானே சபை மரியாதை?"

"இதே படியில் தினம் நூறு பேர் ஏறி இறங்குகிறார்கள். வேறு யாராவது விழுந்ததுண்டா?"

ராயர் முந்திக்கொண்டார்: "கண்டவன் காலும் ராஜபாதமும் ஒன்றா? பாதுகையில் ஒரு குறையுமில்லை!"

"அப்படியானால் ராயரே அதைப் போட்டு இறங்கிக் காட்டட்டும், மகாராஜா. பிறகு வெட்டுங்கள்."

ராஜபாதுகை அணியும் பாக்கியம்! ராயர் பல்லெல்லாம் தெரிய மாட்டிக்கொண்டார். முதல் படி இறங்கினார். இரண்டாவது எங்கே இருக்கிறதென்று காலுக்குத் தெரியவில்லை. மூன்றாவதில் தலைப்பாகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் கிடந்தார். சபை வாயைப் பொத்திக்கொண்டது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "இது ஏன் ஆசாரி?"

"கண் முன்னால்தான் பார்க்கும், மகாராஜா. எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது உள்ளங்கால். நான் கல் மட்டம் பார்ப்பதும் கடைசியில் காலால்தான். அதன் கண்ணைக் கட்டிவிட்டால் பாவம், அது என்ன செய்யும்?"

ராஜா வெறுங்காலைப் படியில் வைத்தான். கல் சில்லென்றிருந்தது. உளி கொத்திய சொரசொரப்பில் உள்ளங்கால் கூசியது. விரல்கள் தாமாகவே விரிந்து கல்லைப் பற்றின. தாங்க வந்தவர்களை விலக்கிவிட்டு, ஒன்பது படியும் நேராக இறங்கினான்.

"ஐந்தாம் படியில் இடப்பக்கம் சிறு பள்ளம் இருக்கிறதே?"

ஆசாரி தலைகுனிந்தார். "உளி தவறிய இடம், மகாராஜா. இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை."

"அது அப்படியே இருக்கட்டும். உன்னிடம் நான் தவறிவிட்டேன்" என்ற ராஜா, வெட்டச் சொன்ன அதே கட்டைவிரலில் தன் மோதிரத்தை மாட்டினான். பிறகு ராயர் பக்கம் திரும்பினான்.

"பஞ்சு என் காலில் மட்டும்தான் வைத்தீரா, ராயரே? காதிலும் வைத்தீரா?"

ஒரு மண்டலம் அந்தப் பாதுகையோடுதான் அவர் சபைக்கு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. நாற்பத்தெட்டு நாளும் அவர் சுவரைப் பிடித்தபடி வந்தார். ராஜாவோ வெறுங்காலோடு முன்னால் நடந்தான். ஐந்தாம் படி வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று, அந்தப் பள்ளத்தைக் காலால் தடவிவிட்டுப் போவானாம்.